சைபரை எடுத்துட்டுப் போடு

துபாய் நாலு, அபுதாபி ரெண்டு, சார்ஜா ஆறு. ரியாத் ஒண்ணு, ஜித்தா ரெண்டு, தம்மாம் மூணு. கோலாலம்பூர் மூணு, பினாங்கு நாலு, ஈப்போ அஞ்சு, ஜொகூர் ஏழு. சிங்கப்பூர், குவைத், கத்தாருக்கு ஊர் நம்பர் கிடையாது.

பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டோடு சேர்த்து நான் படித்த இன்னொரு வாய்ப்பாடு இது. அத்தை சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்வேன். மன்னார்குடியில் பந்தலடிக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய பூத் இருந்தது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து: எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போனவர் அத்தை. ஊனமுற்றோருக்கு முன்னுரிமை என்று 1991-இல் அவருக்குப் பூத் கிடைத்தது. கண்ணாடிக் கூண்டு ஒன்று, அதற்குள் ஒரு முக்காலி, கதவைச் சாத்தினால் சுழலும் குட்டி மின்விசிறி. வெளியே மேஜைமேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். அழைப்பு வந்தால் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவருவது என் வேலை. அக்கம்பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாம் அத்தையின் எண் அச்சாகி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று இருக்கும்; சொன்னால் ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பொருள்.

போன ஐப்பசியில் சிங்கப்பூர் விமான நிலையத்தில் இறங்கிய விடியற்காலையில் இந்த வாய்ப்பாடு மறுபடி காதில் விழுந்தது. அம்மாவிடம் பேச வேண்டும். கைப்பேசியில் 'அம்மா' என்று இருந்ததைத் தொட்டேன். போகவில்லை. இன்னொரு தடவை தொட்டேன். நீங்கள் அழைத்த எண் சரியில்லை என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. ஊரில் தினமும் நாலு தடவை போகிற எண்தான். அம்மாவுக்கு முந்தைய வாரம்தான் நெஞ்சுவலி வந்து தேறியிருந்தது. எண்ணைத் திறந்து பார்த்தேன். வெறும் பத்து இலக்கம். முன்னால் எதுவும் இல்லை.

அந்த உறையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

1995-ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. வடுவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். கூட இரண்டு ஆட்கள். பாட்டியின் கையில் வியர்வையில் ஊறிய பழைய கடித உறை. அதன் பின்பக்கம் நீல மையில் மகனுடைய துபாய் எண் இருந்தது. முந்தின நாள் மத்தியானம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பாட்டியின் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அங்கேயே ஒரு பூத்தில் சாயங்காலம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாலு தடவை. "இந்த நம்பர் போகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரவோடு இரவாக உடலை ஊருக்குக் கொண்டுவந்து, விடிந்ததும் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

அத்தை உறையைத் திருப்பிப் பார்த்தார். 00 971 04 என்று தொடங்கியது எண். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, நாலுக்கு முன்னால் இருந்த சைபரை அடித்தார். போட்டார். மணி அடித்தது.

*

சைபரைப் பற்றி அத்தையைப் போல யோசித்தவர்களை நான் பார்த்ததில்லை. ஜீரோ என்று அவர் சொல்லமாட்டார், சைபர்தான். "ஒத்தைச் சைபர் ஊர் தாண்ட, ரெட்டைச் சைபர் கடல் தாண்ட" என்பார். மன்னார்குடியிலிருந்து மெட்ராஸுக்குப் போட வேண்டுமானால் 044. அதில் 44 என்பதுதான் மெட்ராஸ். முன்னால் இருக்கும் சைபர் மெட்ராஸுக்குச் சொந்தமில்லை. 'நான் இந்த ஊருக்குள் பேசவில்லை, வெளியூருக்குப் போகிறேன்' என்று நம் ஊர் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்கிற சொல் அது. மன்னார்குடியின் 04367-இலும் அப்படித்தான், 4367 மட்டும்தான் ஊர். துபாய்க்காரர் தன் எண்ணை 04 என்று தொடங்கிச் சொல்வார். சார்ஜாவிலோ அபுதாபியிலோ இருக்கிறவர் துபாய்க்குப் போட அது சரி. நாம் இங்கிருந்து 00 போட்டு, 971 போட்டு அந்த நாட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டோம். அதற்குப் பிறகும் சைபரைப் போட்டால் அங்கிருக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்றும் புரியாது. சைபரில் தொடங்கும் ஊர் எதுவும் அதன் கணக்கில் இல்லை.

உலகத்தில் எந்த நாட்டின் எண்ணும் சைபரில் தொடங்காது. நாடு எதுவும் அதில் தொடங்காததால்தான் அதை வாசலாக வைத்துக்கொள்ள முடிந்தது. 1960-களில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், ஜெனீவாவில் இருப்பது, உலகத்தை ஒன்பது மண்டலமாகப் பிரித்து எண் கொடுத்தது. ஒன்று அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும், இரண்டு பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்கு, மூன்றும் நான்கும் ஐரோப்பாவுக்கு, ஏழு சோவியத் யூனியனுக்கு. மலேசியா 60, ஆஸ்திரேலியா 61, சிங்கப்பூர் 65 எல்லாம் ஆறாம் வரிசை. நாம் ஒன்பதில் இருக்கிறோம். துருக்கி 90, நாம் 91, இலங்கை 94, பர்மா 95, சவுதி 966, துபாய் 971. எங்கள் ஊர்க்காரர்கள் பிழைக்கப்போன இடங்களில் பாதி நம் வரிசையிலேயே இருக்கிறது.

இதைப் பின்னாளில் படித்தபோது ஒரு விஷயம் என்னை நிறுத்திவைத்தது. எண்களுக்கு நடுவே இடைவெளியோ புள்ளியோ கம்பியில் போகாது. ஒரே சரமாக இலக்கங்கள் போகின்றன. நாட்டு எண் எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? 91-இல் தொடங்கும் மூன்று இலக்க நாட்டு எண் உலகத்தில் கிடையாது. 971 இருப்பதால் 97 என்று தனியாக ஒரு நாடு கிடையாது. ஒன்றின் தலையில் இன்னொன்று ஏறாதபடி கொடுத்திருக்கிறார்கள். அதனால் இலக்கம் ஒவ்வொன்றாக வர வர வழி தானே பிரிந்துகொள்கிறது. நாட்டு எண்ணையும் சேர்த்து மொத்தம் பதினைந்து இலக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்பதும் விதி. எந்த மூலையில் இருக்கிற மனிதரையும் அந்தப் பதினைந்துக்குள் பிடித்துவிடலாம்.

எங்கள் தெருவில் நெல் மில் முதலாளியிடம் மட்டும் சுழற்றுகிற டெலிபோன் இருந்தது. விரலை விட்டுச் சுற்றி விட்டால் கரகரவென்று திரும்பி வரும். ஒன்று உடனே வந்துவிடும். சைபருக்குப் பத்துத் துடிப்பு. அதுதான் கடைசி ஓட்டை, அதுதான் நீண்ட பயணம். பூத்துக்கு முந்தைய காலத்தில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு அதே மில்லில் தாத்தா காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை.

அத்தையின் பூத்தில் அழுத்துகிற பொத்தான்கள். வருகிறவர்களை அவர் போடவிடமாட்டார். சீட்டை வாங்கி, ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்து, அவர்களும் சரி என்று சொன்ன பிறகு தானே போடுவார். அதற்குக் காரணம் இருந்தது. எதிர்முனையில் யாராவது எடுத்த நொடியில் மீட்டர் ஓடத் தொடங்கும். அது மகனா, யாரோ ஒரு அரபியா என்று மீட்டருக்குத் தெரியாது. அப்போது வளைகுடாவுக்கு ஒரு நிமிஷம் பேசும் காசுக்கு வயலில் ஒரு நாள் நடவு நட்ட கூலி காணாது. ஒரு இலக்கம் மாறினால் ஒரு நாள் உழைப்பு போய்விடும். போட்டு முடித்ததும் சில நொடி ஒரு சத்தமும் இருக்காது. பயந்துபோய் வைத்துவிடுவார்கள். "வச்சுடாதீங்க, கடல் தாண்டணும்ல" என்று ரிசீவரை அவர்கள் காதில் அழுத்திப் பிடிப்பார் அத்தை. மணிச் சத்தத்தை வைத்தே அது எந்த நாடு என்று கண்டுகொள்வார். நம் ஊர் மணியும் லண்டன் மணியும் இரண்டிரண்டாக அடிக்கும். அமெரிக்க மணி ஒற்றையாக, நீளமாக அடித்து, நீளமாக ஓயும்.

லண்டன்தான் அவரை அதிகம் அலைக்கழித்தது. ஹரித்ராநதிக் குளக்கரையில் குடியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் தம்பி லண்டனில் இருந்தார். லண்டன் கோடு முதலில் 01 என்று இருந்தது. 1990-இல் 071, 081 என்று இரண்டாயிற்று. 1995-இல் 0171, 0181. 2000-இல் 020. பத்து வருஷத்தில் மூன்று தடவை. போதாததற்குத் தம்பி அனுப்பும் கடிதத்தாளில் 44 என்று அச்சடித்து, அடைப்புக்குறிக்குள் ஒரு சைபர் போட்டு, பிறகு எண் இருக்கும். உள்நாட்டில் போடுகிறவர்கள் அந்தச் சைபரைப் போட வேண்டும், வெளியிலிருந்து போடுகிறவர்கள் விட வேண்டும் என்பது அதன் பொருள். படிக்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? வாத்தியார் அச்சில் உள்ளதை அப்படியே போட வேண்டும் என்பார். அச்சில் வந்ததைச் சந்தேகப்படக் கூடாது என்று நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். இன்றைக்கும் கம்பெனி அட்டைகளில் அந்த அடைப்புக்குறிச் சைபரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எண்ணை எழுதுவதற்கான சர்வதேச விதிமுறையே அப்படி எழுதாதே என்கிறது.

ஒரே ஒரு இடத்தில் அத்தை தோற்றார். வேளாங்கண்ணிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் பெண் கன்னியாஸ்திரியாகி ரோமில் இருந்தார். இத்தாலி 39, ரோம் 06. வழக்கம்போல் சைபரை எடுத்துவிட்டு ஆறில் தொடங்கினார் அத்தை. அதற்கு முந்தின வருஷம்வரை சரியாகப் போன வழி. இப்போது போகவில்லை. ரோமிலிருந்து அந்தப் பெண்ணே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். 1998 முதல் இத்தாலியில் அந்தச் சைபர் எண்ணோடு ஒட்டிவிட்டது, வெளிநாட்டிலிருந்து போட்டாலும் விடக்கூடாது என்று மாற்றிவிட்டார்கள். அத்தை தன் நீள நோட்டில் தனிப் பக்கம் எடுத்து, 'இத்தாலி – சைபரை எடுக்காதே' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். அவருக்கு அது அவமானமாக இல்லை. புதுச் சொந்தம் ஒன்றைத் தெரிந்துகொண்டதுபோல அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

*

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மணி அடித்தது என்றேன். எடுத்தது மகன் இல்லை. அவர் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்த பக்காலா, நம் மளிகைக்கடை மாதிரி, அதன் முதலாளி. மலையாளி. ஆளனுப்புகிறேன், பத்து நிமிஷம் கழித்துப் போடுங்கள் என்றார். மீட்டர் ஒரு நிமிஷத்தைக் காட்டியது. அத்தை அதற்குக் காசு வாங்கவில்லை. பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. பாட்டி முக்காலியில் உட்கார்ந்து, சிவப்பில் அடிபட்டிருந்த அந்தச் சைபரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் தடவை மகன் எடுத்தார். பாட்டியால் பேச முடியவில்லை. அத்தைதான் சொன்னார். கூண்டுக்கு வெளியே நின்ற எனக்கு எதிர்முனைச் சத்தம் கேட்கவில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. ஆபீஸ் பூட்டியிருக்கும். பாஸ்போர்ட் கம்பெனிப் பெட்டியில் இருந்தது. துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்துக்குத் தஞ்சாவூரிலிருந்து அந்த எண் போயிருந்தால் அங்கே மூன்றரை. ஆபீஸில் ஆள் இருந்திருப்பார்கள். கெஞ்சிக் கேட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அன்று இரவே விமானம் ஏறியிருக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு மேல் உடலை வைத்திருக்க முடியாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். மகன் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார். திங்கள்கிழமை மொட்டைத் தலையோடு பூத்துக்கு வந்து, அத்தையைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் கும்பிட்ட நேரத்தில் நான் கூண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

*

2002-இலும் 2003-இலும் நம் ஊர் எண்களுக்கு முன்னால் ஒரு இரண்டு சேர்த்தார்கள். 2002 மார்ச்சில் சிங்கப்பூரில் வீட்டு எண்களுக்கு முன்னால் ஆறு சேர்த்து எட்டு இலக்கமாக்கினார்கள். அத்தை நோட்டு முழுக்கத் திருத்தினார். அதோடு விடவில்லை. நம் எண் மாறியது வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியாதே, கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வீட்டில் என்னவோ ஏதோ என்று பயப்படுவார்களே என்று, தெரிந்த முகவரிக்கெல்லாம் வான்வழிக் கடிதம் எழுதினார். சொந்தக் காசில். எழுதியது நான், சொன்னது அவர். 'துபாயிலிருந்து போட 00 91 4367, பிறகு ஒரு 2, பிறகு பழைய எண். சிங்கப்பூரிலிருந்து முன்னால் 001. அமெரிக்காவிலிருந்து 011.' ஒவ்வொரு நாட்டுக்கும் கடல் தாண்டும் வாசல் வேறு. ஆஸ்திரேலியாவில் அது 0011, ஜப்பானில் 010. அமெரிக்காக்காரர்கள் எழுதி அனுப்பிய 011-ஐப் பார்த்து இங்கே அப்படியே போட்டால் டெல்லிக்குப் போய்விடும், நம் நாட்டில் அது டெல்லிக் கோடு. அமெரிக்காவிலும் அதில் ஓர் ஆபத்து உண்டு. என் அத்தான் வேலை பார்த்த ஆபீஸில் வெளி லைனுக்கு முதலில் ஒன்பது போட வேண்டும். 9, பிறகு 011, பிறகு 91. அவசரத்தில் அந்தச் சைபர் விட்டுப்போனால் 911, அவசரப் போலீஸ். ஊருக்குப் பேச நினைத்த ஒரு நாள் போலீஸ் வாசலில் வந்து நின்றதை அத்தான் சொல்லியிருக்கிறார்.

இத்தனை வாசலையும் நினைவில் வைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் கைப்பேசியில் கூட்டல் குறி வந்தது. எந்த நாட்டில் நின்றாலும் கூட்டல், 91, பத்து இலக்கம். அந்த நாட்டு வாசல் எண்ணை வலைப்பின்னலே போட்டுக்கொள்ளும். ஊரில் இருக்கும்போதும் அதே வடிவில் போடலாம், கூடுதல் காசு கிடையாது. அப்படியே சேமித்து வைத்தால் எங்கே போனாலும் போகும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் எண்ணை மட்டும் பழைய கைப்பேசியிலிருந்து பழைய வடிவிலேயே கொண்டுவந்திருக்கிறேன்.

அந்தக் கூட்டல் குறி எங்கே இருக்கிறது? சைபர் பொத்தானுக்குள். அழுத்தி விட்டால் சைபர், அழுத்திப் பிடித்தால் கூட்டல். விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு நொடியில்தான் நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது தொண்டைவரை வந்தது.

உறையின் பின்பக்கத்து நீல மை என்னுடையது.

பாட்டியின் மகன் துபாய் போய்ச் சேர்ந்த மாதம் பூத்துக்குக் கூப்பிட்டார். அத்தை அன்று வைத்தியத்துக்குத் தஞ்சாவூர் போயிருந்தார். பாட்டி இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் லைன் அறுந்துவிடுமோ என்று மகன் எண்ணை என்னிடம் சொன்னார். அங்கே எல்லோரும் சொல்வதுபோல "ஜீரோ ஃபோர்" என்று தொடங்கித்தான் சொன்னார். நான் 00 971 என்று முதலில் போட்டு, அவர் சொன்னதை அப்படியே பக்கத்தில் எழுதினேன். அழகாக எழுதினேன். எனக்கு வாய்ப்பாடு தெரியும். துபாய் நாலு என்று ஆயிரம் தடவை சொன்ன வாய். ஆனால் காது கேட்டதைக் கை எழுதிவிட்டது. பாட்டி வந்ததும் உறையை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மகன்தான் மாதம் ஒருமுறை கூப்பிடுவார் என்பதால், அந்த வியாழக்கிழமைவரை அந்த எண்ணை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

அத்தைக்கு என் கையெழுத்து தெரியும். உறையைத் திருப்பிப் பார்த்து ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாரே, அப்போதே தெரியும். பாட்டியிடம் சொல்லவில்லை. மகனிடம் சொல்லவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிங்கப்பூரில் இந்தத் தடவை இரண்டிரண்டாக மணி அடித்தது. அம்மா எடுத்தார். "ஏம்பா, இந்நேரத்துல?" என்றார். ஊரில் அப்போது நடுச்சாமம் தாண்டியிருந்தது.

அந்த வருஷம், காரியம் முடிந்த மறுவாரம் பாட்டி வந்தார். அத்தை மேஜை இழுப்பறையிலிருந்து தபால் அட்டை அளவில் வெட்டிய கெட்டித் தாள் ஒன்றை எடுத்தார். என்னைக் கூப்பிட்டு, பேனாவை என் கையில் கொடுத்தார். "ரெண்டு வரி எழுது. மேல, இங்கேருந்து அவனுக்கு. கீழ, அங்கேருந்து நமக்கு. எழுதிட்டு ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டு."

எழுதினேன். சைபர் சைபர் ஒன்பது ஏழு ஒன்று நாலு என்று படித்தேன். நாலில் என் குரல் நின்றுவிட்டது. "மேல படி" என்றார் அத்தை.